நித்திய கல்யாணியும் துனேர் விருட்சமும்

எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடித் துவைகல்லுக்கும் மதிற்சுவருக்கும் நடுவே, விதைத்தவர் எவரும் இன்றி, நீர் வார்ப்பவரும் இன்றி, துணி அலசி ஊற்றிய தண்ணீரையே ஆகாரமாகக் கொண்டு வருஷம் முழுவதும் பூத்துக்கொண்டிருந்த நித்திய கல்யாணிச் செடியை, பால்யத்தில் நான் ஒரு நாளாவது நின்று பார்த்தேன் என்று சொல்வதற்கில்லை. ஐந்து இதழ், ரோஜா நிறம், நடுவில் சற்றே அழுத்தமான ஒரு புள்ளி, அவ்வளவுதான் அது. ஊரிலுள்ள ஆடுகள் அத்தனையும் வேலியோரத்து முள்ளைக்கூட விட்டுவைக்காமல் கடித்துத் தீர்த்த கோடைகளிலும் இதை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். காம்பைக் கிள்ளினால் பால் வடியும். நாவில் பட்டால் கைப்பு வெகுநேரம் போகாது. மயானத்தில் தானாக மண்டிக் கிடக்கும் செடி என்பதனால் எங்கள் பக்கத்தில் இதற்குச் சுடுகாட்டு மல்லி என்று இன்னொரு பெயரும் உண்டு. அக்காவுக்கு எட்டு வயதிருக்கும்போது, ஆசையாக ஒரு பூவைக் காதோரம் செருகிக்கொண்டு கூடத்துக்குள் வந்ததைக் கண்ட அப்பத்தா, பிள்ளையை அடிக்கவும் மனமில்லாமல் விடவும் மனமில்லாமல், அந்தப் பூவைத் தானே எடுத்து வாசலுக்கு வெளியே எறிந்துவிட்டு வந்தது எனக்கு இன்றைக்கும் கண்முன் நிற்கிறது. அதே பூவை வேறு ஊர்களில் சுவாமிக்குச் சார்த்துகிறார்கள் என்பதை வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன்.

அந்த அக்காவுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் மார்பில் கட்டி வந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொள்ள நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அவளை நான் அழைத்துப் போய் வந்த மாதங்களில்தான், கொல்லைச் செடியையும் நான் அதுவரை கேள்வியே பட்டிராத ஒரு மலைமரத்தையும் ஒருசேர நினைக்க நேர்ந்தது. அக்காவுக்குக் கொடுத்த மருந்தின் பெயர் பாக்ளிடாக்சல். தண்ணீரில் அது கரையாது. ஆகையால் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யும் ஒருவகைத் திரவத்தில் அதைக் கரைத்துத் தருகிறார்கள். அந்தத் திரவத்துக்கு உடம்பு சீறி எழாதிருக்கும்பொருட்டு முன்கூட்டியே வேறு இரண்டு மூன்று ஊசிகளைப் போட்டு, சாதாரணக் குழாயின் பிளாஸ்டிக்கையும் அது கரைத்துவிடும் என்பதால் அதற்கென்றே தனிக் குழாய் மாட்டி, மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். எதிர்வரிசையில், தாயின் மடியில் சாய்ந்தபடி ஐந்து வயதுப் பையன் ஒருவன் வாராவாரம் வருவான். அவனுக்கு ரத்தப் புற்று. அவனுக்கான மருந்து சில நிமிஷங்களுக்குள் சிரைக்குள் போய்விடும். அதன் பெயர் வின்கிறிஸ்டின் என்றும், அது நம் நித்திய கல்யாணியின் இலையிலிருந்து எடுப்பது என்றும், அக்காவுக்கு ஏறிக்கொண்டிருப்பது யூ என்னும் ஊசியிலை மரத்தின் சரக்கு என்றும் அங்கிருந்த செவிலித் தாய் ஒருவர், பாட்டிலைத் தட்டிக்கொண்டே, வேறேதோ பேச்சுக்கு நடுவே சொல்லிவிட்டுப் போனார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்பத்தா எறிந்த பூவைத்தான் இருவரும் நினைத்தோம் என்பதைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

நித்திய கல்யாணிக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. கப்பலேறிப் பூமத்திய ரேகையின் இருபுறத்து வெப்ப தேசங்களிலெல்லாம் கரையிறங்கி, எங்கே போனாலும் அந்த மண்ணிலேயே பிறந்தது போல வளர்ந்துவிட்ட செடி அது. போன இடங்களிலெல்லாம் அதன் இலைக் கஷாயத்தை நீரிழிவுக்குக் குடிக்கும் வழக்கமும் கூடவே போயிற்று. 1952-ஆம் வருஷம், ஜமைக்காவிலிருந்து ஒரு நோயாளி இந்தச் செடியின் இருபத்தைந்து இலைகளை ஒரு உறைக்குள் இட்டு, கனடாவிலிருந்த கிளார்க் நோபிள் என்னும் ஓய்வுபெற்ற வைத்தியருக்கு அனுப்பினார். அவர் அதைத் தம் சகோதரரும் மேற்கு ஒண்டாரியோ சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவருமான ராபர்ட் நோபிளிடம் சேர்ப்பித்தார். எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாகப் போட்டபோதோ, எலிகள் சில நாட்களில் ஏதோ கிருமி தொற்றி மாண்டுபோயின. வேறொருவராயிருந்தால் இலையைக் குப்பையில் எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். நோபிளோ, மாண்ட எலிகளின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் அற்றுப்போயிருப்பதையும் எலும்பு மஜ்ஜை வறண்டிருப்பதையும் கண்டு, வெள்ளணுக்களை இவ்வளவு ஒடுக்கும் வஸ்து, வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் வியாதியில் பிரயோஜனப்படாதா என்று யோசித்தார். அவரோடு 1954-இல் சேர்ந்த சார்லஸ் பீர் என்னும் ரசாயன சாஸ்திரி பொறுமையோடு பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958-இல் உலகுக்குத் தெரிய வந்தது. அதே சமயத்தில், எவர் சொல்லியும் அல்லாமல் தனியே இந்தச் செடியை ஆராய்ந்துகொண்டிருந்த எலி லில்லி கம்பெனியார் அடுத்த சில ஆண்டுகளில் வின்கிறிஸ்டினையும் கண்டெடுக்க, 1963-இல் அமெரிக்க அரசாங்கம் அதற்கு அனுமதி தந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்று என்றால் சில மாதங்களில் முடிவு என்றிருந்த காலம் அது. வின்கிறிஸ்டினோடு வேறு பல மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கும் முறை படிப்படியாகச் செம்மைப்பட்டு, நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் பிழைக்கும் நிலை இன்று வந்திருக்கிறது. இத்தனைக்கும் பிறந்த வீடான மடகாஸ்கருக்கு இதன் வருமானத்தில் ஒரு பங்கும் போய்ச் சேரவில்லை. அந்த அநியாயத்தைக் கேட்பதற்கு அக்காலத்தில் சட்டமும் கிடையாது.

யூ மரத்தின் சரித்திரமும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் ஆரம்பமாகிறது. தாவரங்களில் புற்றுநோய்க்கு மருந்து தேடும் அமெரிக்க அரசின் திட்டத்துக்காக, ஆர்தர் பார்க்லே என்னும் தாவரவியலார் 1962 ஆகஸ்டு 21-ஆம் தேதி வாஷிங்டன் மாநிலத்து வனம் ஒன்றில் பசிபிக் யூ மரத்தின் பட்டையையும் சுள்ளிகளையும் சேகரித்தார். அது வட கரோலினாவிலிருந்த மன்ரோ வால் என்பவரிடமும், மகாராஷ்டிரத்தில் பிறந்து அங்கே சென்று அவரோடு உழைத்த மன்சுக் வானி என்பவரிடமும் வந்து சேர்ந்தது. பட்டையில் இருந்த சாரத்தைப் பிரித்து, டாக்சால் என்று பெயரிட்டு (அக்காவுக்கு ஏற்றிய பாக்ளிடாக்சல் இதுவேதான்), அதன் அமைப்பை அவர்கள் 1971-இல் வெளியிட்டார்கள். அதுவரை மரம் வெட்டும் கம்பெனிகளுக்கு யூ என்பது ஓர் இடைஞ்சல். விலைபோகும் மரங்களை அறுத்து எடுத்தபின் மிஞ்சிய குப்பையோடு குப்பையாக அதைக் குவித்துக் கொளுத்தி வந்தார்கள்.

இங்கே நான் சற்று நிற்க வேண்டும். ஏனெனில் இவ்விரண்டு தாவரங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை எனக்கு எழுந்ததே இந்த இடத்தில்தான். நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவும் இரண்டாகப் பிரியும்போது, மரபுச் சரக்கை இரு கூறாக இழுத்துச் செல்வதற்காகத் தனக்குள் மெல்லிய குழல்களைக் கட்டிக்கொள்கிறது. வேலை முடிந்ததும் அவற்றைப் பிரித்துப் போட்டுவிடுகிறது. கொத்தனார் சாரம் கட்டுவதும் அவிழ்ப்பதும் போலத்தான். நித்திய கல்யாணியின் சத்து அந்தச் சாரத்தைக் கட்டவே விடுவதில்லை. யூ மரத்தின் சத்தோ, 1979-இல் நியூயார்க்கில் சூசன் ஹார்விட்ஸ் என்னும் பெண்மணி கண்டு சொன்னபடி, கட்டிய சாரத்தை அவிழ்க்கவே விடுவதில்லை. கட்ட முடியாத அணுவும் பிரிய முடியாமல் மடிகிறது. அவிழ்க்க முடியாத அணுவும் பிரிய முடியாமல் மடிகிறது. ஒன்று பூக்கும் செடி, மற்றொன்று பூவே அறியாத ஊசியிலை விருட்சம். ஒன்று உஷ்ண தேசத்தது, மற்றொன்று பனிக்காற்றில் வளர்வது. இரண்டின் வம்சங்களும் பிரிந்து முப்பது கோடி வருஷம் இருக்கும். அப்படியிருந்தும், தம்மைத் தின்ன வரும் பிராணிகளுக்கு எதிராக இவை தனித்தனியே தயாரித்து வைத்துக்கொண்ட நஞ்சுகள் ஒரே குழலை, ஒன்று இந்தப் பக்கத்திலும் மற்றொன்று அந்தப் பக்கத்திலுமாகப் பிடித்து நிறுத்துகின்றன என்பதைப் படித்த ராத்திரி எனக்கு உறக்கம் வரவில்லை. நரம்புகளுக்குள்ளும் அதே குழல்கள் ஓடுவதனால், இரண்டு மருந்துகளும் கைகால்களில் மதமதப்பை உண்டாக்குகின்றன. அந்தப் பையன் பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் இழுத்து இழுத்து நடந்தான். வீட்டுக்கு வந்த அக்காவினால் மல்லிகையைக் கட்ட முடியவில்லை. நார் விரலுக்குள் இருக்கிறதா நழுவிவிட்டதா என்பது தெரியாமல், கண்ணால் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டாள். நாற்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு பூத்தொடுத்த கை அது.

ஆனால் இரண்டும் மனிதனுக்கு மருந்தைத் தந்த விதம் ஒன்றல்ல. நித்திய கல்யாணியின் இலையில் வின்கிறிஸ்டின் அற்ப சொற்பமாகவே இருக்கிறது. ஒரு கிராம் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார்கள். கேட்கவே மலைப்பாயிருக்கும். எனினும் இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரிக் காடுகளில், ஐப்பசி மழையை நம்பி விதைத்தால், வேறு எந்தப் பயிரும் கருகிப்போகும் வறட்சியிலும் இது நிற்கும். எங்கள் உறவினர் ஒருவர் மூன்று ஏக்கரில் இதைப் போட்டிருந்தார். வேலி கிடையாது, காவல் கிடையாது, மாடு ஆடு வாய் வைக்காது. இலையை உருவி நிழலில் காயப்போட்டுச் சாக்கில் கட்டுவார்கள். வருஷ முடிவில் செடியையே பிடுங்கி, ரத்த ஓட்டத்துக்கான அஜ்மலிசின் என்னும் வேறொரு மருந்துக்காக வேரையும் வெட்டித் தனியே விற்பார்கள். வியாபாரி சொல்வதுதான் விலை; அந்தக் குறை அவருக்கு என்றும் உண்டு. ஆயினும் அடுத்த மழைக்கு, சென்ற வருஷம் உதிர்ந்த கரிய பொடிவிதைகளே வரப்பெல்லாம் முளைத்து நிற்கும். வேரோடு பிடுங்கினாலும் அந்தச் செடிக்கு நஷ்டமில்லை. அது முதல் வருஷத்துக்குள்ளேயே பூத்துக் காய்த்து விதை உதிர்த்துவிடுகிற பிறவி.

யூ மரத்துக்கு அப்படிப்பட்ட அவசரம் கிடையாது. பெரிய மரங்களின் நிழலில், நூறு வருஷத்தில் ஒரு மனிதன் கட்டிப்பிடிக்கும் அளவு பருமன் வந்தால் அதிகம் என்று சாவதானமாக வளர்கிறது. பட்டையை உரித்தால் மரம் சாகும். நூறு வயதான ஒரு பசிபிக் யூவின் பட்டை முழுவதையும் உரித்தாலும் கிடைப்பது மூன்று கிலோ. அதிலிருந்து வருவது ஒருவருக்கு ஒரு வேளை மருந்து. ஒரு கிலோ மருந்துக்கு ஏறத்தாழ 3,000 மரங்கள். 1992-இல் கருப்பைக்கு அருகிலுள்ள சூலகப் புற்றுக்கு இதை அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தபோது, நோயாளிகளின் உயிரா, காட்டின் உயிரா என்று அங்கே பெரும் வாதம் நடந்தது. இரு பக்கத்தாருமே நியாயத்தைத்தான் பேசினார்கள் என்பதை, அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தக் கதையைப் படித்த எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. அக்காவுக்கு ஏற்றிய ஒவ்வொரு பாட்டிலையும் அதன்பிறகு நான் ஒரு மரமாகவே எண்ணிப் பார்த்தேன்.

உண்மையில் அவளுக்காக மரம் எதுவும் சாகவில்லை. அதற்குக் காரணமாக நான் நமஸ்கரிக்கும் மனிதர் பியர் போத்தியே என்னும் பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி. பாரீசுக்கு அருகே ழிஃப்-சுர்-இவெத் என்னும் ஊரில் இருந்த தம் ஆராய்ச்சி நிலைய வளாகத்தில், பாதை போடுவதற்காக ஐரோப்பிய யூ மரங்கள் சிலவற்றை வெட்டிச் சாய்த்தபோது, அவற்றை வீணாக்காமல் பட்டை, இலை என்று ஒவ்வோர் அங்கத்தையும் அவர் கூட்டத்தார் ஆராய்ந்தார்கள். இலையில் முழு மருந்து இல்லை. ஆனால் முக்கால் பங்கு மருந்து, அதாவது இன்னும் சில படிகள் ஏறினால் டாக்சாலாகிவிடும் மூலப்பொருள், தாராளமாக இருந்தது. இலை கிள்ளினால் துளிர்க்கும். அதிலிருந்து அவர்கள் டோசிடாக்சல் என்னும் தம்பி மருந்தைச் செய்தார்கள்; அமெரிக்காவில் ராபர்ட் ஹோல்டன் அதே மூலப்பொருளிலிருந்து டாக்சாலையே செய்யும் வழியைக் கண்டார். பிற்காலத்தில் யூ மரத்தின் அணுக்களைப் பெரும் தொட்டிகளில் வளர்த்து மருந்தெடுக்கும் முறையும் வந்துவிட்டது. வின்பிளாஸ்டினின் குடும்பத்தைச் சேர்ந்த வினோரெல்பின் என்னும் மருந்தை உண்டாக்கியவரும் இதே போத்தியேதான் என்று அறிந்தபோது, நம் கொல்லைச் செடிக்கும் அந்த மரத்துக்கும் பொதுவான உறவினர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டது போல எனக்குச் சந்தோஷம் உண்டாயிற்று.

இலையைக் கிள்ளலாம் என்ற செய்தி இமயமலைக்கு வந்து சேர்ந்த விதம்தான் துக்கமானது. அங்கேயும் யூ உண்டு. உத்தராகண்டத்தில் அதைத் துனேர் என்கிறார்கள். கிழக்கு இமயத்திலிருப்பதையும் மேற்கிலிருப்பதையும் இப்போது தனித்தனி இனங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டுமே அழியும் அபாயத்திலுள்ளவை என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன. 1990-களில் மருந்துக்குக் கிராக்கி ஏறியதும், கிள்ள வேண்டிய இலைக்காகக் கிளைகளையே தறித்தார்கள். சில இடங்களில் மரத்தையே சாய்த்தார்கள். பிறகு சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாடும், காட்டிலிருந்து எடுத்த சரக்குக்கு நம் அரசின் ஏற்றுமதித் தடையும் வந்தன. நட்டு வளர்க்கலாமே என்றால், விதை மண்ணுக்குள் இரண்டு குளிர்காலம் உறங்கிய பிறகே முளைக்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பக்கத்தில் துணை மரம் வெட்டுப்பட்டுப் போனால் நிற்கும் மரத்தில் விதையே பிடிக்காது. அல்மோராவை அடுத்த கோசி-கட்டார்மல்லில் உள்ள கோவிந்த வல்லப பந்த் நிறுவனத்தார் கிளைக்குச்சிகளுக்கு வேர் பிடிக்கவைத்து நாற்றாக்கும் முறையில் வெகுவாகப் பாடுபட்டிருக்கிறார்கள்.

சிகிச்சை முடிந்து இரண்டு வருஷம் கழித்து, ஓர் ஐப்பசி மாதத்தில், துங்கநாதர் தரிசனத்துக்குப் போன கோஷ்டியோடு நானும் போனேன். சோப்தாவுக்குக் கீழே, வழிகாட்டியாக வந்த கடுவாலிக்காரரிடம் துனேர் இருக்குமா என்று கேட்டேன். அவர் சற்று ஆச்சரியத்தோடு பார்த்துவிட்டு, பாதையை விட்டு இறங்கி, கருவாலி மரங்களின் இருட்டுக்குள் அழைத்துச் சென்று காட்டினார். நான் எதிர்பார்த்திருந்தது வானளாவிய தேவதாரு போன்ற ஒன்றை. அங்கே நின்றது, முறுக்கேறிய அடிமரத்தோடு, ஓங்காமல் பக்கவாட்டில் படர்ந்த ஒரு கிழ மரம். பட்டை செம்பழுப்பு, தகடு தகடாகப் பெயர்ந்து, பெயர்ந்த இடத்தில் பச்சை இறைச்சி போன்ற சிவப்பு. ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்குப் பட்டை செதுக்கிய பழைய வடு இருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி மரம் உதடு வளர்த்து மூட முயன்றிருந்தது. அந்தக் காலத்தில் பெரியவர்கள் இதன் பட்டையைப் போட்டுத் தேநீர் காய்ச்சுவார்கள் என்றும், அப்படிச் செதுக்கியதாயிருக்கலாம் என்றும் அவர் சொன்னார். அது பெண் மரம். இலைகளுக்கு நடுவே அங்கங்கே குன்றிமணியை விடச் சற்றுப் பெரிதான சிவந்த கிண்ணங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கரும்பச்சை விதை. சிவந்த சதையைப் பறவை தின்னும். விதையை மென்றால் உயிருக்கு ஆபத்து. நான் ஒன்றையும் பறிக்கவில்லை. கீழே உதிர்ந்து கிடந்த ஓர் இணுக்கை மட்டும் எடுத்துக் கசக்கி முகர்ந்தேன். ஊசியிலை மரங்களுக்குரிய பிசின் வாசனை அதில் சிறிதும் இல்லை. புல்லைக் கசக்கினாற் போல இருந்தது. யூவுக்குப் பிசின் நாளமே கிடையாது என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த வாசனைதான் இன்னொரு விஷயத்துக்கு என்னைக் கொண்டுபோயிற்று. நம் நாட்டு மருந்துக் கடைகளில் தாளிசபத்திரி என்று ஓர் இலை கிடைக்கிறது. இருமலுக்கும் கபத்துக்கும் கொடுக்கும் தாளிசாதி சூரணத்தில் சேர்வது. அது இமயத்து ஃபிர் மரத்தின் இலை என்பதே பெரும்பாலோர் கொள்கை. ஆனால் துனேரின் இலையும் அதே பெயரில் சந்தையில் வந்து கலப்பதுண்டு. சூரணமாக இடித்தபின் எவராலும் பிரிக்க முடியாது. துனேர் இலையோ இருதயத்தைத் தாக்கும் விஷம். ஊருக்குத் திரும்பியதும் நான் கடையில் ஐம்பது கிராம் தாளிசபத்திரி வாங்கி வந்து, கூடத்தில் ஒரு செய்தித்தாளைப் பரப்பிக் கொட்டினேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். ஃபிர் என்றால் இலை நுனி சற்றே பிளந்திருக்க வேண்டும், அடிப்புறத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓட வேண்டும், கசக்கினால் பிசின் மணக்க வேண்டும். துனேர் என்றால் நுனி கூர்ந்திருக்கும், கோடும் மணமும் இராது என்று சொன்னேன்.

அவளுக்குக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்ச்சி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஒவ்வோர் இலையாக எடுப்பதற்குச் சிரமப்பட்டு, பிறகு ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் பரப்பிக்கொண்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். வெகுநேரம் பேசவில்லை. அடிப்புறத்தில் வெள்ளைக் கோடு இருந்தவற்றை வலப்புறம் ஒதுக்கினாள். ஏறக்குறைய எல்லாமே அங்கே போய்ச் சேர்ந்தன. கடைசியில் உள்ளங்கையில் ஏழெட்டு இலைகள் மிஞ்சின. அவற்றைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனவள், கையை என் பக்கம் நீட்டி, "நீயும் மோந்து பாருடா, எனக்கு ஒன்னும் வாசனையே தெரியலை" என்றாள்.